வாப்பாவின் காரும் அதன் நடுக்கமும்



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பிள்ளை வளர்ப்பு, மாமி மருமகள் பிணக்கு, பரீட்சைப் பயம் என்றுதான் இருக்கும். சென்ற மாதம் அக்குறணைப் பக்கத்திலிருந்து வந்த கடிதம் வேறு விதமானது. அது ஒரு காரைப் பற்றியது.

மர்ஹூமான தன் வாப்பா விட்டுச் சென்ற மேர்சிடிஸ் பென்ஸ் கார் ஒன்று வீட்டில் நிற்கின்றதாம். 1982ஆம் ஆண்டின் 240 டி, டீசல் எஞ்சின், கையால் கியர் மாற்றும் வகை. ஊரில் எத்தனையோ மணப்பெண்கள் அதில் ஏறிப் போயிருக்கின்றார்கள். கடிதம் எழுதிய சகோதரியும் தன் கல்யாணத்தன்று அதன் பின் ஆசனத்தில்தான் இருந்து போனாராம். இப்போது அந்தக் கார் நடுங்குகின்றது. அவரது எழுத்திலேயே தருகின்றேன்: "ஓடத் தொடங்கும்போது காலடியில் ஓர் உதறல். வேகம் பிடித்தால் அடங்கும். பிறகு அறுபதைத் தாண்டினால் அடியிலிருந்து ஒரு முனகல். கிளச்சை விடும்போது 'டொக்' என்று ஒரு சத்தம்."

ஒரு கராஜில் காட்டியிருக்கின்றார்கள். கியர் பொக்ஸ் போய்விட்டது, முழுவதையும் இறக்க வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லி விட்டார்களாம். நானாவோ, பழைய இரும்பு விலைக்குக் கொடுத்து விட்டுப் பங்கு பிரிப்போம் என்கின்றார். மச்சானின் யோசனை வேறு. தடித்த எண்ணெயை ஊற்றி, வாங்க வருபவரை ஊருக்குள் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி விற்றுவிடலாமாம். கணவர் கட்டாரில். "எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, என்ன செய்ய?" என்று முடித்திருந்தார்.

ஒன்றும் தெரியாது என்று எழுதிய சகோதரி, நோயை நான்கே வரியில் எழுதிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. பாகத்தின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் "எப்போது" என்பது தெரிந்திருக்கின்றது. கராஜில் யாரும் அதை அவரிடம் கேட்கவில்லை.

மௌலவிக்கும் மோட்டார் வாகனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். என் வாப்பா ஒரு கராஜ் பாஸ். அறபுக் கல்லூரிக்குப் போகும் வரை நான் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன், டோர்ச் பிடித்தவன். விடுமுறையில் வந்தாலும் அதே வேலைதான். யார் எந்தக் காரைக் கொண்டு வந்தாலும் அவர் முதலில் பொனட்டைத் திறக்க மாட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்: "எப்ப நடுங்குது?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் சுற்றுகின்ற சாமான்களோடு பழகுபவர்கள் நீங்கள். வொஷிங் மெஷினில் நனைந்த போர்வை ஒரு பக்கமாகத் திரண்டு விட்டால், பிழியும் நேரத்தில் மெஷின் குதித்துக் குதித்து நடக்கின்றது. துணி ஊறும்போது குதிப்பதில்லை. வேகமாகச் சுற்றும்போதுதான் குதிக்கின்றது. நீங்கள் உடனே மெஷினைக் கழற்றச் சொல்வதில்லை. மூடியைத் திறந்து போர்வையைச் சரி செய்கின்றீர்கள். சீலிங் ஃபேன் மூன்றில் ஆடாமல் ஐந்தில் ஆடினால் இதழ் ஒன்று வளைந்திருக்கின்றது என்று உம்மா சொல்வார். காரின் நடுக்கமும் இந்த இனம்தான். சுற்றுகின்ற ஏதோ ஒன்று சமநிலை இழந்திருக்கின்றது, அல்லது அதைத் தாங்குகின்ற ரப்பர் தளர்ந்திருக்கின்றது. எது என்பதை அதன் தாளம் சொல்லும். எந்தப் பாகம் எந்த வேகத்தில் சுற்றுகின்றது என்று தெரிந்தால் போதும்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நடுக்கம் எஞ்சினோடு போகின்றதா, வீதியோடு போகின்றதா?

கார் நிற்கட்டும். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் இழுத்து, எஞ்சின் மட்டும் ஓடட்டும். ஸ்டியரிங்கும் ஆசனமும் அப்போதே நடுங்கினால் குற்றம் எஞ்சினில் அல்லது எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர்களில் இருக்கின்றது. டபிள்யூ 123 என்று அழைக்கப்படும் இந்த மாதிரி 1976இல் வந்தது. ஏறக்குறைய 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. இதன் எஞ்சின் முன்னால் இரு பக்கமும் இரண்டு ரப்பர் மவுண்டிலும், பின்னால் கியர் பொக்ஸின் கீழ் ஒன்றிலும் இருக்கின்றது. டீசல் வகைகளில் எஞ்சினின் உதறலைப் பிடிப்பதற்கென்றே சிறு ஷொக் எப்சோர்பர்களும் வைத்திருக்கின்றார்கள். நாற்பது வருட எண்ணெயும் சூடும் அந்த ரப்பரைக் களி போலாக்கி விடுகின்றன. எஞ்சினை நிறுத்தும் அந்த நொடியில் கார் முழுவதும் ஒரு குலுக்குக் குலுக்கினால் இவற்றின் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

மவுண்ட் நன்றாக இருந்தும் உதறுகின்றதா? இந்த எஞ்சினின் வால்வு இடைவெளியைக் காலத்துக்குக் காலம் கையால் சரி பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் உள்வாங்கும் வால்வுக்கு 0.10 மில்லிமீற்றர், வெளியேற்றும் வால்வுக்கு 0.30. பலர் இதை வருடக்கணக்கில் மறந்து விடுகின்றார்கள். சில கார்களில் டாஷ்போர்டில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அதைத் திருப்பி எஞ்சின் ஓட்டத்தைச் சற்றுக் கூட்டியதும் நடுக்கம் நின்றால், எஞ்சின் மிகக் குறைவாக ஓடுகின்றது என்பதுதான் செய்தி. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நம் சகோதரியின் கார் நிற்கும்போது அமைதியாக இருக்கின்றதாம். ஆகவே எஞ்சினை விட்டு விடுவோம்.

ஓடும்போது வரும் நடுக்கத்துக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கின்றது. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இந்தக் காரின் டயர் ஒரு தடவை உருண்டால் கிட்டத்தட்ட 2 மீற்றர் போகும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் கார் வினாடிக்கு 22 மீற்றர் ஓடுகின்றது. அப்படியானால் சக்கரம் வினாடிக்கு 11 தடவை சுற்றுகின்றது. இந்த நடுக்கத்தை ஒவ்வொரு குலுக்கலாகக் கை உணரும். ஸ்டியரிங் இடமும் வலமுமாகத் துடிக்கும். ஆனால் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டு போகும் நீண்ட ஷாப்ட், சக்கரத்தைப் போல் மூன்றரை முதல் நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகின்றது. அதாவது அதே 80இல் வினாடிக்குச் சுமார் 40 தடவை. அதைக் கையால் எண்ண முடியாது. அது காலடியிலும் ஆசனத்திலும் ஒரு சுரசுரப்பாக, காதில் ஒரு முனகலாகத்தான் வரும்.

இப்போது கடிதத்தைத் திரும்பப் பாருங்கள். "துடிப்பு" என்று அவர் எழுதவில்லை. "அடியிலிருந்து ஒரு முனகல்" என்று எழுதியிருக்கின்றார்.

டயரை அதற்காக விட்டு விட முடியாது. எங்கேயும் மலிவான இடத்திலிருந்து தொடங்குவதுதான் புத்தி. சக்கரத்தின் விளிம்பில் வெறும் 30 கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தால், 80 வேகத்தில் அது இரண்டே முக்கால் கிலோ பாரம் போல, வினாடிக்கு 11 தடவை இழுக்கின்றது. வீல் பெலன்ஸ் செய்பவர் ஒட்டுகின்ற அந்தச் சிறு துண்டின் வேலை இதுதான். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரம் என்றால் ஆசனத்தில் தெரியும். நம் சாதாரண வீதிகளில் ஊருக்கு வெளியே கூடக் கார்களுக்கு 70தான் எல்லை. அதனால் 80இல் தொடங்கும் துடிப்பு ஊருக்குள் வருடக்கணக்கில் ஒளிந்திருந்து விட்டு, தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிய அன்றுதான் தலையைக் காட்டும். பெருநாள் பயணத்தில் குடும்பமே பயந்து போய்விடும்.

டயரின் வயதையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு முதல் அதன் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 2022இல் எரிபொருள் இல்லாமல் எத்தனையோ கார்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றன. அப்படி நின்ற டயரில் தரையில் பட்ட பக்கம் தட்டையாகி விடும். சில கிலோமீற்றர் ஓடிச் சூடேறியதும் குலுக்கல் மறைந்தால் அது தற்காலிகம். மறையாவிட்டால் அந்த டயரை எத்தனை முறை பெலன்ஸ் செய்தாலும் பயனில்லை.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க். நேரே போகும்போது உறுமி, வளைவில் அந்த உறுமல் கூடினாலோ குறைந்தாலோ வீல் பெயாரிங். இடப் பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப் பக்கச் சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலப் பக்கப் பெயாரிங்கைப் பாருங்கள். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வாப்பாவை மலக்காக்கிக் காட்டியவனாவேன். இதே உறுமலைக் கேட்டு ஒருமுறை அவர் இரண்டு பெயாரிங்குகளை மாற்றினார். உறுமல் அப்படியே இருந்தது. டயரின் பூக்கள் படி படியாகத் தேய்ந்திருந்ததுதான் காரணம். அன்று அவர் கூலி வாங்கவில்லை. சாமானின் காசை மட்டும் வாங்கினார்.

இனி அந்த ஷாப்டுக்கு வருவோம்.

காரின் நடுவில் நீளத்துக்கு ஓடும் இந்தப் புரொபெலர் ஷாப்ட் இரண்டு துண்டாக இருக்கின்றது. நடுவே ஒரு பெயாரிங், ரப்பர் வளையம் ஒன்றுக்குள் தொங்கிக்கொண்டு அதைத் தாங்குகின்றது. முன் நுனி கியர் பொக்ஸோடு சேரும் இடத்திலும், பின் நுனி டிபரென்ஷல் என்ற பின் அச்சுப் பெட்டியோடு சேரும் இடத்திலும் இரும்பும் இரும்பும் நேராகப் பூட்டப்படவில்லை. இடையில் ஒரு தடித்த ரப்பர் வட்டு இருக்கின்றது. ரொட்டியளவு வட்டம், உள்ளே நூல் சுற்றி வார்த்தது, ஆறு துளைகள். மூன்றில் இந்தப் பக்கத்து போல்ட், மூன்றில் அந்தப் பக்கத்து போல்ட். எஞ்சினின் முரட்டுத்தனம் பின் ஆசனத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் விழுங்கிக்கொள்வதற்காகவே அந்த வட்டை வைத்தார்கள். பென்ஸில் ஏறினால் கதவைச் சாத்தியதும் உலகமே அடங்கிவிடுகின்றது என்போமே, அதில் இந்தக் கறுப்பு வட்டுக்கும் பங்கிருக்கின்றது.

ரப்பர் ஓடினாலும் பழுதாகும், ஓடாமல் நின்றாலும் பழுதாகும். முதலில் போல்ட் துளைகளைச் சுற்றிக் கீறல் விழும். பிறகு உள் நூல் வெளியே தெரியும். அப்போது ஷாப்ட் தன் மையத்தில் நில்லாமல் சற்றே விலகிச் சுற்றும். கார் புறப்படும் நேரத்தில்தான் இழுவை அதிகம். அந்த நேரத்தில் உதறும். கிளச்சை விட்டதும் தளர்ந்த வட்டு முறுகி "டொக்" என்னும். நடுப் பெயாரிங்கின் ரப்பரும் கிழிந்திருந்தால் புறப்படும் உதறல் கூடும். பெயாரிங் தேய்ந்திருந்தால் வேகத்தோடு ஏறும் முனகலும் சேரும். சகோதரி எழுதிய நான்கு வரியும் இந்த ஓர் இடத்தையே சுட்டுகின்றன. பின் அச்சுப் பெட்டியைத் தாங்கும் ரப்பரும் அதே "டொக்"கைத் தரும் என்பதால் அதையும் கூடவே பார்க்கச் சொல்கின்றேன்.

கியர் பொக்ஸ் என்றால் சத்தம் பெரும்பாலும் கியருக்குக் கியர் மாறும். ஒன்றில் கத்தும், மூன்றில் அடங்கும். ஷாப்டின் சத்தத்துக்குக் கியர் தெரியாது. அறுபதில் மூன்றாவதில் போனாலும் நான்காவதில் போனாலும் அதே முனகல்தான். பரந்த, ஆளில்லாத நேர் வீதியில், அனுபவமுள்ள ஒருவர் ஓட்ட, சத்தம் வரும் வேகத்தில் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து உருள விடட்டும். முனகல் தொடர்ந்தால் எஞ்சின் குற்றவாளியல்ல. இதைச் செய்யும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தவே கூடாது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் எஞ்சின் தரும் உதவி போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஹந்தானைப் பக்கத்து வளைவுகளில் இந்தப் பரீட்சையே வேண்டாம்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வருகின்றது. நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நாள். கணவனை இழந்த ஒரு தாய், பழைய பென்ஸ் ஒன்றை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தியவர், மகனோடு வந்தார். வேறோர் இடத்தில் கியர் பொக்ஸை இறக்கி ஏற்றி, அதற்காகக் கையில் கிடந்த காப்பையும் விற்றாகி விட்டது. நடுக்கம் போகவில்லை. வாப்பா வழமையான கேள்வியைக் கேட்டார். மகன் ஏதோ சொல்ல வர, அந்தத் தாய் முந்திக்கொண்டு, "எடுத்த எடுப்புல உதறுது பாஸ், பொறகு கத்துது" என்றார். வாப்பா காரின் கீழே போனார். நான் டோர்ச்சைப் பிடித்தேன். பின் வட்டில் மூன்று விரற்கடை நீளத்துக்குக் கீறல், நூல் பிய்ந்து தொங்கியது. கியர் பொக்ஸை இறக்கியவர்கள் அந்த ஷாப்டைக் கழற்றித்தான் இறக்கியிருக்க வேண்டும். அதைக் கையில் பிடித்தும் பார்க்காமல் விட்டிருக்கின்றார்கள். வாப்பா வெளியே வந்து வெகு நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாயிடம் அதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே சகோதரி, காரை உயர்த்தும் லிப்ட் உள்ள ஓர் இடத்துக்குக் கொண்டு போங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரையும் கீழே அனுப்பாதீர்கள். போகும்போது நடக்கும் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து கொள்ளுங்கள். "கியர் பொக்ஸைப் பாருங்கள்" என்று சொல்லாமல், "இரண்டு கப்ளிங் ரப்பரையும் நடுப் பெயாரிங்கையும் எனக்குக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். காட்டச் சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. தம்பியையோ மகனையோ கூட்டிப் போனாலும் பேசுவது நீங்களாக இருங்கள். சத்தத்தைக் கேட்டவர் நீங்கள்தான். சாமான்களைப் பஞ்சிகாவத்தையில் விசாரிக்கலாம். பழைய காரிலிருந்து கழற்றிய ரப்பரை மட்டும் மலிவென்று வாங்க வேண்டாம். அதற்கும் நாற்பது வயது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. ஷாப்டின் இரண்டு துண்டையும் பிரிக்கும் முன் இரண்டிலும் நேருக்கு நேர் பெயின்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு தவறிப் பூட்டினால் புது ரப்பர் போட்டும் புது நடுக்கம் வரும். நட்டுகள் தாமே இறுகி நிற்கும் வகை. பழையதைத் திரும்பப் போடாமல் புதியது வாங்க வேண்டும். இறுக்கும்போது ரப்பரின் பக்கத்துத் தலையை அசையாமல் பிடித்து, இரும்பின் பக்கத்தைத்தான் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வட்டு முறுகியபடியே உட்கார்ந்து விடும். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஒரு பெரிய நட் இருக்கின்றது. வேலை தொடங்கும்போது அதைத் தளர்த்தி, எல்லாம் முடிந்து கார் தன் நான்கு சக்கரத்தில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் நடுப் பெயாரிங் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும். அவசரக்காரர்கள் விடும் பிழை இதுவே.

இத்தனையும் செய்து முனகல் அடங்காவிட்டால் சைலன்சர் குழாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் ஒன்று அறுந்து குழாய் உடலில் ஒட்டிக்கொண்டால் முழுக் காரும் வீணை போல் ஒலிக்கும். முன்னே ஒட்டிய குழாய் பின்னே கத்துவதாகக் காதுக்குத் தோன்றும்.

மச்சானின் எண்ணெய் யோசனைக்கும் பதில் சொல்ல வேண்டும். தடித்த எண்ணெய் கப்ளிங் ரப்பரை எட்டிக் கூடப் பார்க்காது. மெல்லிய எண்ணெய்க்காகச் செய்த கியர் பொக்ஸைக் கடினமாக்கி, இல்லாத குற்றத்தை உண்டாக்கும். வேகத்தில் அந்த வட்டு முழுதாக அறுந்தால் ஷாப்ட் அடியில் அடித்துக்கொண்டு சுழலும். அன்று அந்தக் காரில் இருப்பது வாங்கியவரின் பிள்ளைகள். குறையைத் தெரிந்து கொண்டு சொல்லாமல் விற்பது ஆகாது என்பதை உங்கள் மச்சானும் மத்ரஸாவில் படித்திருப்பார்.

நானாவுக்கு வேறு செய்தி. அந்தக் கார் வாப்பாவின் வாரிசுகள் அனைவரினதும் சொத்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடையில் பழைய கார்களுக்கு வந்த மதிப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு ரப்பர் வட்டின் குற்றத்துக்காக அதை இரும்பு விலைக்குக் கணக்கிட்டால் உம்மாவின் பங்கும் உங்கள் பங்கும் சேர்ந்தே குறைகின்றன. முதலில் நோய் என்னவென்று பாருங்கள், திருத்தும் செலவைக் கழித்து ஒரு நியாயமான விலை போடுங்கள், பிறகு பிரியுங்கள். அந்த விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ள விரும்பினால் அதையும் சபையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கீழே பார்த்தவர் என்ன காட்டினார் என்று எனக்கு எழுதுங்கள். நான்கு டயரிலும் உள்ள அந்த நான்கு இலக்கங்களையும் சேர்த்து எழுதுங்கள்.